நாழிகை வழி

தூரத்தைக் காலத்தால் அளந்தவர்கள் நம் முன்னோர். "அவ்வூர் இங்கிருந்து எவ்வளவு தொலைவு?" என்று வழிப்போக்கன் கேட்டால், "மூன்று நாழிகை வழி" என்று திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் விடை கூறுவார். நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவன் நடந்து கடக்கக்கூடிய தொலைவே நாழிகை வழி. ஏறத்தாழ ஒன்றரை மைல் என்று கொள்ளலாம். பின்னர் மைல்கற்கள் வந்தன. அவற்றின் பின்னால் கிலோமீட்டர் வந்தது. தூரம் ஒரு கணக்காகவும் நேரம் வேறொரு கணக்காகவும் பிரிந்தன. முதியவரின் விடை மெல்ல வழக்கொழிந்தது.

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம் அந்தப் பழைய அளவையை மீண்டும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தை இரண்டு விமான நிலையங்களை முன்வைத்துச் சொல்ல விழைகிறேன். ஒன்று, நம் நகரின் வடக்கே தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகௌடா விமான நிலையம். மற்றொன்று, கோவையில் பீளமேட்டு விமான நிலையம். கொங்கு நாட்டில் பிறந்து இந்நகரில் பிழைக்கும் என் போன்றோருக்கு இவ்விரண்டும் இரு கரைகள்.

வானத்துக் கணக்கு

இவ்விரு நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இடையறாது பறக்க முடியுமானால் பத்தொன்பது நிமிடத்தில் இதனைக் கடந்துவிடலாம். ஆயினும் விமானம் மேலேறவும் வேண்டும், கீழிறங்கவும் வேண்டும். குறுகிய வழித்தடத்தில் இவ்விரண்டுமே பயணத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே வானில் இருப்பது நாற்பது நிமிட அளவு. ஓடுபாதையில் ஊர்ந்து செல்லும் நேரத்தையும் சேர்த்து, கால அட்டவணை ஒரு மணிநேரத்தைச் சற்றே தாண்டிக் காட்டும்.

ஒரு மணிநேரம்! நம் பாட்டனார்கள் கேட்டால் வியந்து நிற்பார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது 1864ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து இராணுவத்தாரைப் பின்தொடர்ந்து இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்தவை. 1932ஆம் ஆண்டு அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து அது பெல்லாரி வழியாகச் சென்னைக்குச் சென்றது. அந்த முதல் வழித்தடத்தில் பெங்களூருக்கு இடமில்லை. 1940ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையுடன் இந்நகரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். எச்.ஏ.எல். என்று இன்று நாம் அழைக்கும் அந்நிறுவனத்தின் ஓடுபாதையே பின்னர்ப் பல்லாண்டுகள் இந்நகரின் பயணியர் விமான நிலையமாகவும் விளங்கிற்று.

எனினும் விமானம் நம் வீட்டுப் பேச்சில் வந்தது பிற்காலத்தில்தான். 2003ஆம் ஆண்டில் கேப்டன் ஜி. ஆர். கோபிநாத் இந்நகரிலிருந்து ஏர் டெக்கான் என்னும் குறைந்த கட்டண விமான நிறுவனத்தைத் தொடங்கியபோது, இரயிலில் இரண்டாம் வகுப்பில் சென்றவர்களும் விமானச் சீட்டின் விலையைக் கேட்கத் தொடங்கினர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 'சூரரைப் போற்று' திரைப்படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். உயிர் பிரியும் தந்தையைக் காணச் செல்ல விமானச் சீட்டுக்குப் பணம் போதாமல், நிலையத்தில் முன்பின் அறியாதவர்களிடம் மகன் கையேந்தி நிற்கும் காட்சி அதில் உண்டு. அக்காட்சியில் கண் கலங்காத வெளியூர்த் தமிழர் இருக்க மாட்டார். அங்கே தடையாய் நின்றது பணம். பணம் கையில் இருப்பவருக்கும் வேறொரு தடை உண்டு. அதனைப் பற்றியே இக்கட்டுரை.

வாசலிலிருந்து வாசலுக்கு

என் இல்லம் அல்சூரில் உள்ளது. என் பிறந்த ஊர் அவினாசிக்கு அருகே ஒரு சிற்றூர். இவ்விரு வாசல்களுக்கும் இடையே நேரக் கணக்கை எழுதிப் பார்ப்போம்.

அல்சூரிலிருந்து தேவனஹள்ளி 35 கிலோமீட்டர் அளவில் உள்ளது. ஹெப்பாள் சந்திப்பின் நெரிசலை எண்ணி ஒன்றரை மணிநேரம் ஒதுக்க வேண்டும். உள்நாட்டுப் பயணமாயினும் புறப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்பே பதிவு முகப்பை மூடிவிடுவர். சோதனை வரிசையும் நீளம். ஆகவே ஒன்றே முக்கால் மணிநேரம் முன்னதாகவே அங்கே இருப்பது நலம். பறத்தல் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல். இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. பீளமேட்டிலிருந்து அவினாசிக்கு முப்பது கிலோமீட்டர். அதற்கு ஒரு மணி. கூட்டினால் ஆறு மணிநேரத்தை நெருங்கிவிடுகிறது.

சாலைவழி எப்படி? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய், சேலம், பவானி, பெருந்துறை என்று செல்லும் நெடுஞ்சாலையில் எங்கள் ஊர் 330 கிலோமீட்டர். நல்ல நேரத்தில் புறப்பட்டால் ஆறு மணிநேரம். இரயில்? 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல் கோவைக்கும் பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கும் இடையே ஓடும் வந்தே பாரத் இரயில் முழுத்தூரத்தையும் ஏறத்தாழ ஆறரை மணியில் கடக்கிறது. பிற்பகலில் ஏறினால் இரவில் திருப்பூரில் இறங்கலாம்; அங்கிருந்து எங்கள் ஊர் பக்கம்.

வானம், சாலை, தண்டவாளம் ஆகிய மூன்று வழியும் ஆறு மணிநேரத்தை ஒட்டியே நிற்கின்றன! கட்டணம்தான் வேறு. ஒரு மணிநேரம் என்று கால அட்டவணை சொன்னது பொய்யன்று. அது விமானத்தின் நேரம், பயணியின் நேரமன்று.

இன்னொன்றும் உண்டு. தெற்கே செல்ல வேண்டிய நாம் முதலில் 35 கிலோமீட்டர் வடக்கே செல்கிறோம். பின்னர்ப் பிறந்த ஊரைக் கடந்து கோவையில் இறங்கி, மீண்டும் ஊரை நோக்கித் திரும்பி வருகிறோம். பழைய எச்.ஏ.எல். நிலையம் அல்சூரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கிருந்து கோவை நேர்கோட்டில் 223 கிலோமீட்டர் அளவே. 2008ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் தேவனஹள்ளி நிலையம் திறக்கப்பட்டு, பழைய நிலையத்தில் பயணியர் விமானங்கள் நின்றபோது, விமான நிலையம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் வடக்கே சென்றுவிட்டது. கோவைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் செல்வோருக்கு அன்று ஒரு மணிநேரம் கூடிற்று. பழைய சாலையை மக்கள் இன்றும் 'ஓல்டு ஏர்போர்ட் ரோடு' என்றே அழைக்கின்றனர். விமானங்கள் போய்விட்டன, பெயர் மட்டும் வர மறுத்து அங்கேயே தங்கிவிட்டது.

நகரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கெம்பேகௌடர் மரபினர் நகரின் நான்கு திசையிலும் எழுப்பிய காவற்கோபுரங்களில் ஒன்று எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. அந்த நான்கு கோபுரங்களே ஒரு காலத்தில் எல்லை. இன்று அவர் பெயர் தாங்கிய விமான நிலையமோ அவ்வெல்லைக்கு நெடுந்தொலைவு அப்பால். பெருநகரின் நெரிசலுக்கு நடுவே ஒரே ஓடுபாதையை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான பயணிகளை அனுப்ப இயலாது என்பதும் உண்மையே. நகரம் வளர வளர விமான நிலையம் விலகும். விலக விலக, அருகில் உள்ள ஊர்கள் தொலைவாகும். தொலைவில் உள்ள ஊர்களுக்கு இந்த இழப்பு பெரிதாகத் தோன்றுவதில்லை. சிங்கப்பூருக்குச் செல்பவர் நான்கு மணிநேரப் பறத்தலுக்காக ஒரு மணிநேரம் சாலையில் செலவிடலாம். நாற்பது நிமிடப் பறத்தலுக்காக ஏறத்தாழ ஐந்து மணிநேரம் தரையில் செலவிடுவோர் நாம்.

"எப்போது எடுக்கிறார்கள்?"

2009ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு, பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. ஊரிலிருந்து பெரியப்பா மகன் பேசினார். என் தந்தையார் மறைந்துவிட்டார். விவரம் கேட்கும் முன்னரே என் நாவில் எழுந்த வினா, "எப்போது எடுக்கிறீர்கள்?" என்பதே. பிறந்த ஊரை விட்டு வந்த தமிழர் எவராயினும் அச்செய்தி கேட்டவுடன் கேட்கும் வினா இதுவே. மறைந்தவரின் முகத்தை இறுதியாகக் காண முடியுமா, கொள்ளி வைக்க மகன் வந்து சேர்வானா என்ற இரண்டும் அவ்வொரு வினாவில் அடங்கியுள்ளன.

"நீயும் டில்லித் தம்பியும் வந்து சேராமல் எடுக்க மாட்டோம். நீ முதலில் கிளம்பு" என்றார் அண்ணன்.

எங்கள் பக்கம் செல்லும் இரவு இரயில் போய்விட்டிருந்தது. காலை விமானத்தில் செல்வதாயின் பின்னிரவு மூன்றரை மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரை மணியளவில் ஊரை அடையலாம். வாடகைக் கார் ஒன்று கிடைத்தது. பன்னிரண்டேகாலுக்கு மனைவி மக்களுடன் புறப்பட்டேன். மின்னணு நகருக்குச் செல்லும் மேம்பாலம் அப்போது முடிவடையவில்லை; 2010 ஜனவரியில்தான் அது திறக்கப்பட்டது. தூண்களின் நடுவே ஊர்ந்து ஓசூரைத் தாண்டினோம். தொப்பூர்க் கணவாயில் சரக்கு வண்டிகளின் பின்னே இறங்கினோம். பெருந்துறை அருகே கிழக்கு வெளுத்தது. காலை ஆறே முக்காலுக்கு வீட்டு வாசலில் கார் நின்றது.

டில்லியில் பணிபுரிந்த என் தம்பிக்கும் அதே இரவில், அதே நிமிடத்தில் செய்தி சென்றது. டில்லியிலிருந்து கோவை நேர்கோட்டிலேயே 1,900 கிலோமீட்டருக்கு மேல். அவன் விடியலில் விமானம் ஏறிச் சென்னையில் மாறி, நண்பகல் பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்தான். "விமானத்தில் இருந்தது நான்கு மணிநேரந்தான் அண்ணா, மற்றதெல்லாம் காத்திருந்தது" என்றான். தொலைவில் என்னைக் காட்டிலும் அவன் ஏறக்குறைய ஆறு மடங்கு அப்பால் இருந்தான். காலத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. எனக்கு ஏழேகால் மணிநேரம், அவனுக்குப் பன்னிரண்டரை.

தந்தையார் ஐஸ் பெட்டிக்குள் எங்களுக்காகக் காத்திருந்தார். நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் அப்படியொரு பெட்டியை எவரும் கண்டதில்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் அனைவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போன பின்னரே அப்பெட்டி வாடகைக்கு வரலாயிற்று. விமானத்தின் வேகம் மட்டும் போதியிருந்தால் ஐஸ் பெட்டிக்கு வேலை இருந்திராது அன்றோ?

எங்கள் சின்னத் தாத்தா ஐம்பதுகளில் இந்நகருக்கு வந்து பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தவர். அவர் காலத்தில் தந்தி ஒன்றே தூதுவன். "ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்ற இரு சொற்களைக் கண்டால் வீடே எழுந்து ஓலமிடும். என்ன நேர்ந்தது என்பதைத் தந்தி சொல்லாது, சொல்லவும் வேண்டியதில்லை. தம் தாயாருக்காக அவர் ஓடியபோது, மறுநாள் மாலை ஊர் சேர்கையில் சுடுகாட்டுக்குச் சென்றவர்கள் குளித்து முழுகி வீடு திரும்பியிருந்தனர். கடல் கடந்து சென்றவர்களுக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது. ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம்மவர்கள், விடைபெறும்போதே இறுதி விடையும் பெற்றுக்கொண்டுதான் ஏறினார்கள். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. செய்தி இப்போது நொடியில் வருகிறது. மனிதன் போய்ச் சேர்வதற்கு மட்டும் இன்னும் நாழிகைகள் ஆகின்றன.

நம் அகத்திணை நூலோர் பிரிவை எண்ணிப் பாடியபோது, விட்டுச் சென்ற ஊரோடும் சென்று சேர்ந்த ஊரோடும் அமையாமல், இடைப்பட்ட வழிக்கே பாலை என்று ஒரு திணை வகுத்தனர். பொருள்வயிற் பிரிவு என்று அதன் காரணத்துக்கும் பெயரிட்டனர். அவர்கள் அறிந்திருந்தது இதுதான்: பிரிந்தவர்களுக்கிடையே உண்மையில் நிற்பது வழி.

தூரத்தைக் கூட்டுபவை

மேலும், வழி எப்போதும் ஒரே நீளமாய் இருப்பதில்லை. 1991ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரிப் பூசல் மூண்டபோதும், மீண்டும் 2016ஆம் ஆண்டு செப்டம்பரிலும் இரு மாநிலங்களுக்கிடையே பேருந்துகள் நின்றன. 2016இல் அத்திப்பள்ளியில் இறங்கி, கையில் குழந்தையும் தலையில் பெட்டியுமாக எல்லையை நடந்து கடந்து, ஜூஜுவாடியில் வேறு பேருந்தைத் தேடியவர்கள் பலர். நெடுஞ்சாலை அதே நெடுஞ்சாலை. கிலோமீட்டர் கற்களில் ஓர் எண்ணும் மாறவில்லை. ஆயினும் ஓசூர் அன்று எவ்வளவு தொலைவாயிற்று! 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்தபோது மார்ச் 25 முதல் இரண்டு திங்கள் உள்நாட்டுப் பயணியர் விமானங்கள் பறக்கவே இல்லை. பின்னர் அவை பறந்தபோதும் தமிழ்நாட்டுக்குள் நுழைய மின்னணு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. அந்நாள்களில் ஊரில் தனித்திருந்த தாய் தந்தையரை எண்ணி உறங்காதிருந்த இல்லங்களை இச்சங்கத்து அன்பர்கள் அறிவார்கள்.

ஒப்பந்தங்களும் தூரத்தை வகுக்கின்றன. தேவனஹள்ளி நிலையத்துக்காக 2004ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, திறப்பிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 வரை, 150 கிலோமீட்டர் வான்தொலைவுக்குள் வேறு புதிய விமான நிலையம் அமைவதற்குத் தடை உண்டு. மைசூரும் ஹாசனும் விலக்குப் பெற்றவை. 2024 ஜூன் மாதத்தில் ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தபோது இந்த 150 கிலோமீட்டரே பேச்சாயிற்று. நகரின் தென்பகுதியில் வாழும் நம்மவர்க்கு ஓசூர் அணித்து. அங்கு நிலையம் அமையுமானால் சென்னைக்கும் டில்லிக்கும் அது நன்று. கோவைக்குச் செல்வதற்கோ, ஓசூர் வரை சென்றவர் அப்படியே சாலையில் தொடர்வதே எளிதென்று எண்ணக்கூடும். சேலத்தின் கதையும் இதற்குச் சான்று. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள அந்நிலையத்துக்கு 2023 அக்டோபரில் உடான் திட்டத்தின்கீழ்ப் பெங்களூரிலிருந்து விமானம் விடப்பட்டது. வான்தொலைவு 160 கிலோமீட்டர். ஆனால் தேவனஹள்ளிக்குச் சென்று காத்திருந்து பறக்கும் நேரத்தில் சேலத்துக்காரர் காரிலேயே வீட்டு வாசலை அடைந்துவிடுவார்.

எந்த எண்ணை நம்புவது?

இவற்றால் நான் கூற வருவது விமானம் வேண்டாம் என்பதன்று. முதுமையில் முழங்கால் நோவோடு இரவெல்லாம் அமர்ந்து செல்ல இயலாதவர்க்கு அது வரம். நான் அஞ்சுவது 'ஒரு மணிநேரம்தானே' என்னும் சொல்லைக் கண்டுதான்.

சின்னத் தாத்தா ஆண்டுக்கு மூன்று முறை தவறாமல் ஊர் சென்றவர். பொங்கலுக்கும், சித்திரையில் அவினாசித் தேருக்கும், தீபாவளிக்கும் அவர் பெட்டி கட்டுவார். ஊர் தொலைவு என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகையால் விடுப்பைத் திட்டமிட்டார், பணத்தைச் சேர்த்தார், நாளைக் குறித்தார், சென்றார். இன்று விரைவான வழிகள் பல வந்தபின், ஆண்டுக்கு ஒரு முறையும் செல்லாத குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். ஊர் அருகில் இருப்பதாக நம்புகிறவர்கள். எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்று இருப்பவர்க்கு அந்த 'எப்போது' வாய்ப்பதே இல்லை. தொலைவென்று எண்ணியவர் அடிக்கடி சென்றார்; அருகென்று எண்ணுபவர் தள்ளிப்போடுகிறார். விமான நேரம் குறையக் குறைய இம்மயக்கம் கூடுகின்றது.

என் தாயார் எண்பதைக் கடந்தவர். ஊரை விட்டு வர மறுப்பவர். ஒரு முறை, விமானத்தில் வருவதாகவும் தூரம் 250 கிலோமீட்டர்தான் என்றும் அவரிடம் சொன்னேன். "எத்தன மைலுன்னு ஆரு கேட்டா கண்ணு? எப்ப வந்து சேருவே, அதச் சொல்லு" என்றார். நாழிகை வழி என்னும் சொல்லை அவர் கேட்டிருப்பாரோ, அறியேன். அளவை மட்டும் அவரிடம் மாறாமல் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் வருவேன் என்பது இப்போது அவருக்குத் தெரியும். நாள்காட்டியில் அதற்கு வட்டமிட்டு வைக்கிறார்.

நம் இல்லங்களில் இதனை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம். உங்கள் வாசலிலிருந்து ஊரின் வாசல்வரை உண்மையில் எத்தனை மணிநேரம் ஆகிறது என்பதை விமானம், இரயில், சாலை மூன்றுக்கும் ஒரு தாளில் எழுதிக் குடும்பத்தார் அனைவருக்கும் தெரியச் செய்யுங்கள். நள்ளிரவில் புறப்பட நேர்ந்தால் எது முந்தும் என்பதையும் அதில் குறியுங்கள். பிள்ளைகளுக்குத் தருமபுரியும் தொப்பூரும் பவானியும் பெயரளவிலேனும் தெரியட்டும். மேகத்துக்கு மேலே சென்று வருகிறவர்களுக்கு அவ்வூர்கள் தெரிய வேறு வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்துச் செல்லும் நாளை இன்றே குறித்து ஊருக்குச் சொல்லிவிடுங்கள். இரயிலில் 60 நாள் முன்னதாகவே இடம் பதியலாம். அந்த நாளை எதிர்நோக்கி ஊரில் ஒருவர் இருக்கும்போதே அதனைப் பதிந்துவிடுவது நம் கையில் இருக்கிறது.